திரை உயருமுன்: நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கடந்து வந்த பாதை

தணிக்கை என்னும் சொல் தமிழில் இரண்டு வேறு அலுவலகங்களில் வழங்குகின்றது. கணக்கேடுகளைச் சரிபார்ப்பவரும் தணிக்கையாளரே. நாடகத்தையும் திரைப்படத்தையும் பார்த்து வெட்டுபவரும் தணிக்கையாளரே. ஒரே சொல்லாயினும் இரண்டு வேலைகளும் ஒன்றல்ல. கணக்குத் தணிக்கையாளர் செலவு முடிந்த பின்னர் வருகின்றார், நடந்ததைத்தான் ஆராய்கின்றார். நாடகத் தணிக்கையாளரோ திரை உயர்வதற்கு முன்பே வந்து அமர்கின்றார். இனி நடக்கக்கூடியதை, அதுவும் பார்வையாளர் மனத்தில் நடக்கக்கூடியதை, அவர் முன்கூட்டியே மதிப்பிட வேண்டியுள்ளது. குற்றம் நிகழுமுன் தீர்ப்பு எழுதும் வேலை அது.

இந்த வேலைக்குச் சட்ட வடிவம் தந்தது 1876ஆம் ஆண்டின் 19ஆவது சட்டம். நாடக நிகழ்ச்சிகள் சட்டம் என்பது அதன் பெயர். பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்து, விடுதலைக்குப் பின்னும் ஏட்டில் இருந்து, 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் அது முறைப்படி நீக்கப்பட்டது. ஏறத்தாழ 141 ஆண்டுகள் வாழ்ந்த சட்டம். அதைச் செய்தவர்களின் பேரரசு அதில் பாதிக் காலந்தான் நீடித்தது. இச்சட்டம் ஏன் பிறந்தது, தமிழ் மேடையில் அது எதைப் பிடித்தது, எதைப் பிடிக்க இயலாமல் தவித்தது என்பவற்றை இவ்வுரை ஆராய்கின்றது.

அவுரித் தோட்டமும் ஆங்கில மொழிபெயர்ப்பும்

கதை வங்காளத்தில் தொடங்குகின்றது. 1860இல் டாக்காவில் ‘நீல தர்ப்பண்’ என்னும் வங்காள நாடகம் ஆசிரியர் பெயரில்லாமல் அச்சாயிற்று. அதை எழுதியவர் தீனபந்து மித்ரா. அஞ்சல் துறையில் அரசு ஊழியர். பெயரை மறைத்ததற்கு அதுவே போதுமான காரணம். ஐரோப்பிய முதலாளிகள் வங்காள உழவர்களை நெல்லுக்குப் பதிலாக அவுரி பயிரிடும்படி வற்புறுத்தியதும், முன்பணக் கடனில் சிக்கவைத்ததும், மறுத்தவர்களை அடித்து அடைத்து வைத்ததும் அந்நாடகத்தின் பொருள். நீலச் சாயத்திற்கான பயிர் ஆதலால் அப்பெயர்.

வங்காள மொழியில் இருந்தவரை நாடகத்தால் பெரிய ஆபத்து எதுவும் நேரவில்லை. 1861இல் அது ஆங்கிலமாயிற்று. மொழிபெயர்த்தவர் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தர் என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. வெளியீட்டுப் பொறுப்பை ஏற்றவர் ஜேம்ஸ் லாங் என்னும் கிறித்துவப் பாதிரியார். வங்காள மொழியில் அச்சாகும் நூல்களை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை தந்தவர் அவர். நாட்டு மக்கள் தங்கள் மொழியில் என்ன எழுதுகிறார்கள் என்பதை ஆள்வோர் அறிய வேண்டும் என்று கருதியவர். அரசுச் செயலாளர் சீட்டன்–கார் என்பவரின் அலுவலக வழியாகவே மொழிபெயர்ப்பின் படிகள் அஞ்சலில் சென்றன.

அடுத்து நடந்ததுதான் கருதத்தக்கது. வழக்குத் தொடுத்தது அரசு அன்று; தோட்ட முதலாளிகளும் வணிகர்களும் அமைத்திருந்த சங்கம். 1861 ஜூலையில் கல்கத்தா உச்சநீதிமன்றத்தில் லாங் அவதூறுக் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. ஒரு மாதச் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம். அபராதத் தொகையை நீதிமன்றத்திலேயே கட்டியவர் மகாபாரதத்தை வங்காள உரைநடையில் தந்த காளிபிரசன்ன சிங்கர். பாதிரியார் சிறைக்குச் சென்றார். மூல நூலாசிரியர் அஞ்சல் துறையில் பணியைத் தொடர்ந்தார்.

உழவன் தன் துயரத்தைத் தன் மொழியில் தனக்கே சொல்லிக்கொள்ளும்போது அது ஆள்வோர் காதில் புலம்பல். அத்துயரம் மொழி மாறி அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் கேட்கத் தொடங்கும்போது அது குற்றம். நூற்றுநாற்பது ஆண்டுகள் கழித்துச் சிங்கப்பூரிலும் இதையொத்த ஒன்று நிகழ்ந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

மேடை ஏறிய அவுரி

அச்சு நூலைப் படிக்க எழுத்தறிவு வேண்டும். மேடையைப் பார்க்கக் கண்ணும் காதும் போதும். 1872 டிசம்பர் 7ஆம் நாள் கல்கத்தாவில் நேஷனல் தியேட்டர் என்னும் குழுவினர் நுழைவுச்சீட்டு விற்றுப் பொதுமக்களுக்கு நாடகம் நடத்தத் தொடங்கினர். அவர்கள் தேர்ந்த முதல் நாடகம் ‘நீல தர்ப்பண்’. அதுவரை செல்வர் மாளிகைகளில் அழைப்புப் பெற்றோருக்கு மட்டுமே நடந்துவந்த கலை, காசு கொடுத்த எவரும் பார்க்கக்கூடியதாயிற்று. அரசின் கவலை இங்கிருந்துதான் வளர்ந்தது.

1875இல் கிரேட் நேஷனல் தியேட்டர் குழு வட இந்தியப் பயணத்தில் லக்னோவை அடைந்தது. அங்கும் இதே நாடகம். ஐரோப்பியர் பலர் பார்வையாளராக அமர்ந்திருந்தனர். உழவர் வீட்டுப் பெண்ணை வெள்ளைத் தோட்டக்காரன் மானபங்கப்படுத்த முயல்வதும், தோராப் என்னும் உழவன் பாய்ந்து வந்து அவனைப் புடைப்பதும் நாடகத்தின் புகழ்பெற்ற காட்சி. அது வந்ததும் ஐரோப்பியர் சிலர் கொதித்தெழுந்து மேடையை நோக்கிப் பாய்ந்தனர். நாடகம் பாதியில் நின்றது; குழு ஊரை விட்டே வெளியேறியது. அப்போது இளம் நடிகையாக உடனிருந்த பினோதினி தாசி பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். மேடையில் அடி வாங்கியவனும் வங்காள நடிகன்தான் என்பதை அந்தக் கணத்தில் எவரும் நினைத்திருக்க மாட்டார்கள். நடிப்புக்கு இதனினும் பெரிய நற்சான்று கிடைப்பது அரிது.

ஆயினும் சட்டம் பிறந்ததற்கு உடனடிக் காரணம் உழவர் துயரம் அன்று. ஒரு கேலி நாடகம். 1876 ஜனவரியில் வேல்ஸ் இளவரசர் கல்கத்தாவுக்கு வந்தபோது, வழக்கறிஞர் ஜகதானந்த முகர்ஜி அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்தார். வீட்டுப் பெண்கள் அந்தப்புரத்தில் இளவரசரை வரவேற்றனர். ஊரார் முகம் சுளித்தனர். அடுத்த மாதமே கிரேட் நேஷனல் தியேட்டர் ‘கஜதானந்தரும் இளவரசரும்’ என்னும் பொருள்பட ஒரு நாடகத்தை மேடையேற்றியது. காவல்துறை தடுத்தது. குழுவினர் பெயரை மாற்றி ‘அனுமான் சரித்திரம்’ என அறிவித்தனர். அதுவும் தடுக்கப்பட்டது. அடுத்து, காவல் ஆணையர் ஹாக், கண்காணிப்பாளர் லாம்ப் என்னும் இருவரையும் வைத்து, பன்றியும் ஆட்டுக்குட்டியும் நடத்தும் காவல்துறை என்று ஒரு கேலி நாடகம் போட்டனர். ஆங்கிலத்தில் அவ்விரு பெயர்களும் அவ்விரு விலங்குகளைக் குறிப்பனவாக ஒலிக்கும்.

பிப்ரவரி 29ஆம் நாள் வைசிராய் நார்த்புரூக் அவசரச் சட்டம் பிறப்பித்தார். மார்ச் மாதத் தொடக்கத்தில் இயக்குநர் உபேந்திரநாத் தாஸ், மேலாளர் அமிர்தலால் பாசு உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர். வழக்கு எதன்மேல் தெரியுமா? கேலி நாடகத்தின் மேல் அன்று. ‘சுரேந்திர பினோதினி’ என்னும் வேறொரு நாடகம் ஆபாசமானது என்று குற்றம் சாட்டினர். கீழ்நீதிமன்றம் இருவருக்கும் ஒரு மாத வெறுங்காவல் விதித்தது, உயர்நீதிமன்றம் விடுவித்தது. அரசியலால் புண்பட்டவர்கள் ஒழுக்கத்தின் பெயரால் வழக்குத் தொடுப்பது அன்றே கைவந்த வழியாக இருந்திருக்கின்றது. தணிக்கை வரலாற்றைப் படிக்கும் மாணவர், ஒரு நூலின்மீது சாட்டப்படும் குற்றமும் அதன்மீது உண்டான சினமும் ஒன்றுதானா என்று முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலும் அவை வேறு வேறாகவே இருக்கும்.

சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தபோது அரசு எடுத்துக்காட்டியவற்றுள் ‘சாகர் தர்ப்பண்’ என்பதும் ஒன்று. தேயிலைத் தோட்ட முதலாளிகளின் கொடுமையைச் சொன்ன நாடகம் அது. தோட்டத் தொழிலாளர் வரலாற்றைத் தம் குடும்ப வரலாறாகவே கொண்ட நம் நாட்டு வாசகர்க்கு இச்செய்தி தனியாகப் பொருள்படும். அவுரி, தேயிலை என்று பயிர்தான் மாறியது.

மூன்று நாளும் ஒரு விதிவிலக்கும்

1876 டிசம்பர் 16இல் சட்டம் நிறைவேறியது. அளவில் சிறியது. பொதுவிடத்தில் நடக்கும் நாடகம் ஒருவரை இழிவுபடுத்துவதாகவோ, அரசின்மீது வெறுப்பைத் தூண்டுவதாகவோ, பார்ப்பவரின் ஒழுக்கத்தைக் கெடுப்பதாகவோ இருக்குமென அரசு கருதினால் தடை விதிக்கலாம். மீறினால் மூன்று மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. நாடகத்தின் நோக்கத்தை அறிய ஆசிரியரிடமோ அரங்க உரிமையாளரிடமோ விவரம் கேட்கலாம். அரங்கினுள் புகுந்து நடிகர்களைக் கைது செய்யலாம். உடைகளையும் காட்சித் திரைகளையும் பறிமுதல் செய்யலாம். அரசு குறிப்பிட்ட பகுதிகளில் உரிமம் இன்றி நாடகமே கூடாது எனலாம். அவ்விடங்களில் நாடகப் பிரதியை நிகழ்ச்சிக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பு ஒப்படைக்கக் கட்டளையிடலாம்.

இதில் ‘கருதினால்’ என்னும் சொல்லைத்தான் கூர்ந்து நோக்க வேண்டும். நாடகம் வெறுப்பைத் தூண்டியது என்று நீதிமன்றத்தில் எவரும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தூண்டக்கூடும் என்று ஓர் அதிகாரி கருதினாலே போதும்.

கடைசிப் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. சமய விழாக்களில் நடக்கும் ‘ஜாத்திரா’க்களுக்கும் அவை போன்ற நிகழ்ச்சிகளுக்கும் இச்சட்டம் பொருந்தாது. கோயில் திருவிழாவில் கை வைத்தால் என்னாகும் என்பதை 1857க்குப் பின் வந்த ஆட்சியாளர் நன்கு அறிந்திருந்தனர். தமிழ்நாட்டில் இதன் பொருள் திரௌபதி அம்மன் கோயில் தெருக்கூத்து சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கின்றது என்பது. விலக்குச் சமய விழாக்களுக்கு மட்டுமே. நுழைவுச்சீட்டு விற்ற கொட்டகை நாடகத்திற்கு அன்று. ஆனால் அந்நாளில் கொட்டகையில் ஆடப்பட்டதும் புராணக் கதைதான். முருகனும் வள்ளியும் மேடையில் நிற்கும்போது அதில் அரச வெறுப்பு எங்கே இருக்கின்றது என்று காவலர் எப்படித் தேடுவார்?

வேடத்தில் இருந்தவர் முருகன்

1876ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தானாகவே ஏற்றுக்கொண்டு எழுதப்பட்டது: நாடகம் என்பது ஒரு பிரதி, அதைத் தாளில் எழுதலாம், மூன்று நாள் முன்பு கொடுக்கலாம், படித்துப் பார்க்கலாம், சில வரிகளை அடித்துத் திருப்பித் தரலாம். கல்கத்தாவின் ஐரோப்பிய பாணி அரங்கிற்கு இது பொருந்தும். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபைக்கும் பொருந்தும். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் நிறைந்த அச்சபைக்குக் காவல்துறை தேவைப்பட்டதில்லை என்றே கூறலாம்.

தென்மாவட்டங்களில் தழைத்த ‘ஸ்பெஷல் நாடகம்’ வேறு வகை. சங்கரதாசு சுவாமிகளின் வள்ளி திருமணம், கோவலன் சரித்திரம் போன்ற நாடகங்களே அதன் அடிப்படை. முருகனாக வருபவர் ஓர் ஊர். வள்ளியாக வருபவர் வேறோர் ஊர். ஆர்மோனியம் வாசிப்பவர் மூன்றாவது ஊர். ஒப்பந்தக்காரர் அழைக்க, அன்று மாலைதான் ஒன்றுகூடுவர். ஒத்திகை கிடையாது. கதையும் முதன்மைப் பாடல்களும் எல்லாருக்கும் தெரியும். தருக்கமும் நகைச்சுவையும் இடையில் செருகும் பாட்டும் அந்த இரவில் பிறப்பன. விடியும்வரை நடக்கும். இத்தகைய நாடகத்தின் பிரதியை மூன்று நாள் முன்பு கேட்டால் எதைத் தருவது? வள்ளி திருமணம் என்ற அச்சுப் புத்தகத்தைத் தரலாம். அதைப் படித்த அதிகாரிக்குத் தினைப்புனமும் வேங்கை மரமும் யானையும்தான் கிடைக்கும்.

1919இல் ஜாலியன்வாலா பாக் படுகொலைச் செய்தி பரவிய பின்னர், இந்த இடைவெளியில்தான் அரசியல் புகுந்தது. அதன் பெருங்குரல் எஸ். எஸ். விசுவநாத தாஸ். 1886இல் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். முருகன் வேடத்தில் புகழ் பெற்றவர். வள்ளி தினைப்புனம் காக்கும் காட்சியில் பறவைகளை விரட்டுவது மரபு. அங்கே வெள்ளைக் கொக்கைப் பற்றிய ஒரு பாட்டை அவர் பாடுவார். எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். பார்வையாளர்க்கு அந்தக் கொக்கு யார் என்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காவலர்க்கும் விளங்கியது. ஆனால் அறிக்கையில் எப்படி எழுதுவது? வயலில் மேயும் பறவையை விரட்டியதால் அரசின்மீது வெறுப்பு உண்டாயிற்று என்றா?

எழுதத்தான் செய்தனர். தாஸ் பலமுறை கைதானார்; மேடையிலிருந்தே வேடத்தோடு அழைத்துச் செல்லப்பட்ட செய்திகளும் உண்டு. சிறையிலிருந்து வந்ததும் மீண்டும் பாடினார். வழக்குச் செலவும் கடனும் வறுமையும் அவரைத் தொடர்ந்தன. தியடோர் பாஸ்கரன் இக்காலத்து நாடகத்தையும் இசைத்தட்டையும் திரைப்படத்தையும் ஆராய்ந்து எழுதிய நூல், நாட்டு விடுதலை இயக்கம் கல்லாத மக்களைச் சென்றடைந்ததில் இம்மேடைப் பாடகர்களின் பங்கு எவ்வளவு பெரிது என்பதை முதன்முதலில் விரிவாகக் காட்டியது.

இங்கே அரசு அல்லாத குறுக்கீட்டையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. தாஸ் மருத்துவர் குலத்தில், அதாவது முடிதிருத்தும் தொழில் செய்தோர் குலத்தில் பிறந்தவர். அதன் பொருட்டு அவருடன் இணையாக நடிக்க மறுத்த நடிகையர் இருந்தனர். வெள்ளை அரசு அவர் வாயை அடைக்க முயன்றபோது ஊரார் திரண்டு நின்றனர். சொந்த மக்கள் அவருக்கு மேடையை மறுத்தபோது அதைத் தடை என்று எவரும் பெயரிட்டு அழைக்கவில்லை. சட்டத்தின் தடைக்கு எண்ணும் தேதியும் உண்டு. வரலாற்றாசிரியர் தேடி எடுக்கலாம். இவ்வகைத் தடைக்கு ஆவணம் இல்லை. தமிழ் நாடகம் எதை இழந்தது என்று கணக்குப் பார்ப்பவர் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1940 டிசம்பர் 31ஆம் நாள் இரவு சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். மயில்மேல் அமர்ந்த முருகனாக மேடைக்கு வந்து பாடிக்கொண்டிருக்கும்போதே விசுவநாத தாஸ் உயிர் நீத்தார். முருகன் வேடத்திலேயே அவரது உடல் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டது.

அச்சுப் பிரதி கொண்ட நாடகங்கள் இத்துணை எளிதில் தப்பவில்லை. வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ தடைக்கு உள்ளாயிற்று. டி. கே. எஸ். சகோதரர்கள் அதைத் திருத்தி, ‘தேசபக்தி’ என்று பெயர் மாற்றி, பாரதியாரின் பாடல்களைச் சேர்த்து 1931இல் நடத்தினர். தெ. பொ. கிருஷ்ணசாமிப் பாவலரின் ‘கதரின் வெற்றி’யும் இக்காலத்ததே. திரைப்படத்தின் நிலை இவற்றினும் எளியது, அதாவது காவலருக்கு எளியது. படச்சுருள் எல்லா ஊரிலும் ஒன்றையே பேசும், வெட்டினால் வெட்டியதுதான். 1920 முதல் சென்னையில் திரைப்படத் தணிக்கைக் குழு இயங்கியது. கல்கி எழுதி கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘தியாகபூமி’ 1939இல் வெளிவந்து, மறு ஆண்டு தடை செய்யப்பட்டது.

ஆட்சி மாறிய பின்

1947க்குப் பின் இச்சட்டம் தானாக உதிர்ந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அவ்வாறு நிகழவில்லை. அதே லக்னோ நகரில், 1953இல், பிரேம்சந்தின் ‘ஈத்கா’ என்னும் கதையை இந்திய மக்கள் நாடக மன்றத்தினர் மேடையேற்றியபோது, அதே பழைய சட்டம் அவர்கள்மீது பாய்ந்தது. தாயும் தந்தையும் இல்லாத சிறுவன் ஒருவன், பண்டிகைக் காசில் தனக்குப் பொம்மை வாங்காமல், அடுப்பில் கை சுட்டுக்கொள்ளும் பாட்டிக்கு ஓர் இடுக்கி வாங்கி வரும் கதை அது. வழக்கு அலகாபாத் உயர்நீதிமன்றம் வரை சென்றது. 1956இல் அந்நீதிமன்றம், சட்டத்தின் விதிகள் அரசியலமைப்பு வழங்கிய கருத்துரிமைக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது.

சென்னை மாநிலம் அதற்கு இரண்டாண்டு முன்பே வேறு வழியில் சென்றுவிட்டது. 1954இல் தனக்கெனப் புதிய நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை இயற்றியது. சட்டத்தில் எவர் பெயரும் இல்லை. ஆனால் அது எம். ஆர். ராதாவை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது அன்றைய நாளிதழ் வாசகர் அனைவரும் அறிந்த செய்தி. பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்து, பெரியாரின் கொள்கைகளை மேடைக்குக் கொண்டுவந்தவர் ராதா. எழுதிக் கொடுத்த வசனத்தோடு நில்லாதவர். அன்று காலைச் செய்தித்தாளில் வந்தது அன்று இரவு மேடையில் வரும். அவரது ‘இராமாயணம்’ நாடகம் பக்தர்களைக் கொதிக்க வைத்தது. உள்ளம் புண்படும் என்று கருதுவோர் தயவுசெய்து வர வேண்டா என்று அவர் விளம்பரத்திலேயே அறிவித்த செய்தி பரவலாக அறியப்பட்டது. தடை வந்தால் நாடகத்தின் பெயரை மாற்றுவார். ‘கஜதானந்தர்’ ‘அனுமான் சரித்திரம்’ ஆன அதே உத்தி, முக்கால் நூற்றாண்டு கழித்து.

ராதாவின் இராமாயணம் பலரைப் புண்படுத்தியது என்பதில் ஐயமில்லை. புண்பட்டவர்களின் வருத்தத்தைப் பொய் என்று ஒதுக்கவும் கூடாது. ஆயினும் நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே சென்று புண்படுவது வேறு. தெருவில் போகும்போது ஒருவர் வந்து புண்படுத்துவது வேறு. அந்த வேறுபாட்டைக் காட்டியதால்தான் அவரது விளம்பரம் வெறும் குறும்பாக இல்லாமல் வாதமாகவும் நிற்கின்றது. சட்டமோ அதைக் கணக்கில் எடுக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. புதிய ஆட்சியில் அமர்ந்திருந்தவர்கள், விசுவநாத தாசின் பாட்டைக் கேட்டுக் கைதட்டிய தலைமுறையினர். தாம் எதிர்த்த கருவியையே அவர்கள் தீட்டி எடுத்தனர். இதற்குத் தனிமனிதர் எவரையும் பழிப்பதில் பயனில்லை. நாற்காலியில் அமர்ந்ததும் மேடை கொஞ்சம் சத்தமாகக் கேட்கத் தொடங்குகின்றது போலும்.

அச்சட்டம் நெடுநாள் பெரிதாகப் பேசப்படாமலே இருந்தது. ஆனால் இருந்தது. சென்னையில் நாடகம் போட விரும்புவோர் பிரதியைக் காவல் ஆணையர் அலுவலகத்தில் கொடுத்து இசைவு பெற வேண்டியிருந்தது. ‘பரீக்‌ஷா’ நாடகக் குழுவை நடத்திய எழுத்தாளர் ஞாநி, இந்த வழக்கத்தை ஏற்க மறுத்து நீதிமன்றம் சென்றார். 2013 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதன்மைப் பிரிவுகள் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. 1876ஆம் ஆண்டின் தாய்ச்சட்டம் வேறு பல பழைய சட்டங்களோடு ஒரே பட்டியலில் சேர்த்து நீக்கப்பட்டது 2018 ஜனவரியில். அதே மாதத்தில் ஞாநி மறைந்தார்.

இக்கரையில்

பார்சி நாடகக் குழுக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்குக்கு வந்து ஆடியதிலிருந்து மலாய் ‘பங்சாவான்’ அரங்கு கிளைத்தது என்பதைக் கலை வரலாறு கற்போர் அறிவர். தமிழ் நாடகக் குழுக்களும் அதே கடல்வழியில் வந்தன. நாடகத்தோடு உரிமம் என்னும் முறையும் வந்து சேர்ந்தது. சிங்கப்பூரில் நெடுங்காலம் நாடகப் பிரதியைப் பார்த்து உரிமம் தந்தது காவல்துறையின் பொதுப் பொழுதுபோக்கு உரிமப் பிரிவே. சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1976இலிருந்து 1980 வரை விசாரணையின்றித் தடுப்புக்காவலில் இருந்தார்; பின்னாளில் அதே நாடு அவருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கியது. பார்வையாளரே எழுந்து வந்து கதையை மாற்றும் மன்ற அரங்கிற்கு 1994இல் அரசு நிதி நிறுத்தப்பட்டது. அந்நிலை 2003 வரை நீடித்தது. முன்கூட்டிப் படிக்கப் பிரதி இல்லை என்பதே அங்கும் சிக்கல். திருமங்கலத்து முருகனைக் கண்டு திகைத்த அதிகாரியின் சிக்கலும் அதுதான்.

இளங்கோவன் எழுதி, அக்கினிக் கூத்துக் குழு மேடையேற்றிய ‘தலாக்’ தமிழில் 1998 டிசம்பரிலும் 1999இலும் நடந்தது. இந்திய முஸ்லிம் பெண்களின் மணவாழ்க்கைத் துன்பத்தைப் பேசிய நாடகம். சமய அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. 2000ஆம் ஆண்டில் அதே நாடகத்தை மலாயிலும் ஆங்கிலத்திலும் நடத்த முயன்றபோது உரிமம் மறுக்கப்பட்டது. நாடகத்தின் கருத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. இங்கு நோக்கத்தக்கது மொழி. தமிழில் இருமுறை நடந்த ஒன்று, மொழி மாறியபோது நடக்க முடியாததாயிற்று. தமிழரங்கின் சிறிய வட்டத்திற்குள் பேசுவதற்கு இருந்த இடம், அந்த வட்டம் விரிந்தபோது இல்லாமற்போனது. தமிழில் எழுதுவோருக்கு இது ஒருவகையில் பாதுகாப்பு, ஒருவகையில் அவமதிப்பு. எது என்று முடிவு செய்வது எளிதன்று. 1861இல் லாங் பாதிரியார் சிறையில் இருந்த மாதத்திலும் ‘நீல தர்ப்பண்’ வங்காளத்தில் யார் கையிலும் கிடைத்தது.

இவ்வரலாற்றை ஆராய விரும்பும் மாணவர்க்கு ஒரு செய்தி. பிரிட்டிஷ் இந்தியாவில் தடை செய்யப்பட்ட பல மொழி நூல்களும் பாட்டுப் புத்தகங்களும் இன்று லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்திலும் புதுதில்லியின் தேசிய ஆவணக் காப்பகத்திலும் கிடைக்கின்றன. காலணா, அரையணா விலையுள்ள பாட்டுப் புத்தகங்களை வீட்டில் பாதுகாத்தவர் மிகச் சிலர். பறிமுதல் செய்த அரசு எண்ணிட்டுப் பெட்டியில் வைத்தது. கொட்டகை வாசலில் விற்ற அந்தத் தாள்களைத் தேடுவோர், அவற்றை எரிக்க விரும்பியவர்களின் அலமாரிகளுக்குத்தான் முதலில் போக வேண்டியிருக்கின்றது. அங்கும் கிடைப்பது பாட்டின் சொற்கள் மட்டுமே. ஆர்மோனியக்காரர் எங்கே நிறுத்தினார், கொக்கு என்ற சொல் வந்ததும் முருகன் எந்தப் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார், முன்வரிசையில் அமர்ந்திருந்த காவல் ஆய்வாளர் அப்போது எங்கே பார்த்தார் என்பவற்றை எந்தப் பெட்டியும் காத்து வைக்கவில்லை.